அம்மா எந்தப் பக்கம் என்று கேட்டேன்

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கல்யாணம் கட்டிய நாள் முதலாய் என் மனுசன் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த வாயால் ஒரு தேர்தலின் போக்கே மாறியது என்பதை இப்போது அவரும் ஒப்புக்கொள்கிறார், வேறு வழியில்லாமல். அதுவும் எங்கள் ஆட்களின் தேர்தல்கூட இல்லை. சோமாலியர்களின் தேர்தல்.

நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தின் லாசால் பகுதியில், மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. இயந்திரத்தில் மடிக்க முடியாத பெரிய விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத்தான் மடிக்க வேண்டும். என் எதிர் முனையைப் பல வருடமாகப் பிடித்துக்கொண்டிருப்பவள் ஒரு சோமாலியப் பெண். என்னைப் போலவே செயின்ட்-மிஷேலில் இருக்கிறாள். ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். என்னை ‘வலால்’ என்று கூப்பிடுவாள். கூடப்பிறந்தவள் என்று அர்த்தம். நாங்கள் பேசுவது ஆலையில் பொறுக்கிய பிரெஞ்சு. ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் மனதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

அவளுக்கு உயிர் ஒரு சனிக்கிழமை வகுப்பு. நகரசபை இலவசமாகத் தந்த ஒரு நிலக்கீழ் மண்டபத்தில் சோமாலியப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமும் தாய்மொழியும் சொல்லிக்கொடுப்பாள். மண்டபம் சோமாலியர் சங்கத்தின் பெயரில் இருந்தது. பழைய தலைவர் வேறு மாகாணத்துக்குப் போனதும் சங்கம் இரண்டாகப் பிளந்தது. இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு கடிதம் எழுதி, ‘நான்தான் தலைவர்’ என்று நகரசபைக்கு அனுப்பிவிட்டார்கள். மாத முடிவுக்குள் ஒரே ஒரு தலைவரின் கையெழுத்து வராவிட்டால் மண்டபம் வரிசையில் நிற்கும் அடுத்த அமைப்புக்குப் போய்விடும் என்று பதில் வந்தது.

கடிதத்தைக் காட்டிய அன்று தோழியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “அப்ப நீயே தலைவரா நில்லன்” என்றேன்.

விரிப்பின் முனையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. அன்றுதான் தன் தங்கையின் கதையைச் சொன்னாள்.

தங்கை மொகதீசுவில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் நடத்துபவள், நாலு பேர் முன் நின்று பேசத் தெரிந்தவள். நாடாளுமன்றத்துக்குப் போக ஆசைப்பட்டாள். அங்கே ஆசனங்களைக் குலவாரியாகப் பிரிக்கிறார்கள். நான்கு பெரிய குலங்களுக்கும் ஆளுக்கொரு சம பங்கு, மிச்சமிருக்கிற சின்னக் கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரைப் பங்கு. நாலரைக் கணக்கு என்பார்களாம். பெண்களுக்கும் இடம் உண்டு என்று எல்லாரும் மேடையில் சொல்வார்கள். தங்கை தகப்பன் குலத்துப் பெரியவர்களிடம் போனாள். “உன்னைக் கட்டிக்குடுத்தாச்சு. உனக்குத் தந்தா கதிரை உன்ர புருசன்ர ஆக்களுக்குப் போயிடும்” என்றார்கள். புருசனின் குலத்திடம் போனாள். “நீ பிறந்தது அங்கை. உனக்குத் தந்தா கதிரை அவங்களுக்குப் போயிடும்” என்றார்கள். இந்தக் கதிரை ஆற்றை, யாருடையது? இரண்டு பக்கமும் கேட்டது அந்த ஒரே கேள்விதான். அவள் பேசாமல் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டாள்.

“அங்கத்தைக் கணக்கைத்தான் இஞ்சையும் கொண்டுவந்து வைச்சிருக்கினம், வலால். எனக்கும் அதே கதைதான். சிவப்புத் தாடிக்காரர் என்ர தகப்பன்ர ஆக்கள். கைத்தடிக்காரர் என்ர மனுசன்ர ஆக்கள்.”

அந்த இருவர்தான் கடிதம் எழுதியவர்கள். ஒருவர் தாடிக்கு மருதாணி போட்டவர், முந்தி டாக்சி ஓட்டியவர். மற்றவர் கைத்தடி இல்லாமல் வெளியே இறங்காதவர். பின்னேரங்களில் ஜோன்-தலோன் வீதிக் கோப்பிக் கடையில் இரண்டு மேசைகளில், ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டு, அங்கத்தைய அரசாங்கத்தை ஒரு நாளைக்கு மூன்று தரம் கவிழ்ப்பார்கள். தேநீர் ஆறிப்போகும், வாய் ஆறாது. எனக்கு இது புதிதா என்ன? எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே. என் மனுசன் செயலாளராக இருந்த ஊர்ச் சங்கம், பிரதம விருந்தினருக்கு யார் மாலை போடுவது என்ற சண்டையில் இரண்டாக உடைந்து, இன்றைக்கும் ஒரே நாளில் இரண்டு மண்டபத்தில் ஆண்டு விழா வைக்கிறது.

தோழி நிற்பதென்று முடிவெடுத்தாள். இரண்டு பகல் யோசித்தாள், மூன்றாம் நாள் விரிப்பை மடித்தபடி “நிக்கிறன்” என்றாள், அவ்வளவுதான். எனக்குச் சந்தோசத்தில் கை ஓடவில்லை.

அடுத்த தலையிடி, வாக்கெண்ணுவது யார் என்பது. அதுவரை அங்கே வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்ததில்லை. பெரியவர்கள் பேசி முடித்து, துஆ ஓதி, தேநீர் குடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். இப்போது ஒரு பக்கத்து ஆளை மற்றப் பக்கம் நம்பாது. ஒரு குலத்திலும் சேராத ஆள் வேண்டும். தோழி என் பெயரைச் சொன்னாள். “அவ என்ன குலம்?” என்று கேட்டார்களாம். “தமிழ்” என்றாளாம். இரண்டு பக்கமும் உடனே சம்மதம். வீட்டில் வந்து சொன்னபோது என் மனுசன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உன்னையோ? நடுநிலைக்கோ? கிழிஞ்சுது போ.”

“உங்கட சங்கத்துக்கு என்னைப் போட்டிருந்தா உடைஞ்சிராது” என்றேன். அவர் சோற்றுக் கோப்பையைத் திரும்ப எடுத்தார்.

தேர்தல் ஒரு ஞாயிறு மதியம். வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. மண்டப வாசலில் ஒரே சப்பாத்துக் குவியல். தோழி என்னை மேசையில் இருத்திவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள்: “பேரை மட்டும் கேள். குலம் கேளாதை. ஒருத்தரிட்டையும் கேளாதை. கேட்டா இஞ்சையே சண்டை துவங்கும்.”

“நான் ஏன் கேக்கப் போறன்?” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் பெயரை மட்டும் எழுதி எப்படிப் பிரிப்பது? சோமாலியர் தங்கள் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் என்று மூன்றைச் சொல்வார்கள். அரை மணித்தியாலத்துக்குள் மூன்றும் ஒன்றாகவே இருக்கும் நான்கு பேர் என் மேசைக்கு வந்துவிட்டார்கள். நான்காவது ஆள் வந்தபோது என் யாழ்ப்பாணப் புத்தி முந்திக்கொண்டது. எங்கள் ஆட்கள் ஒருவரைக் கண்டால் ஊர் கேட்போம், ஊரைச் சொன்னால் தாய் எந்தப் பக்கம் என்று கேட்போம்; அது முடியாமல் எங்களுக்குத் தேநீர்கூட இறங்காது. “அம்மான்ர பேர் என்ன? அம்மா எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டேன். குலம் தகப்பன் வழி, அதைத்தானே கேட்கக் கூடாது, தாயைக் கேட்டால் என்ன என்று நினைத்தேன்.

அந்த மனிதர் ஒரு நொடி திகைத்தார். பிறகு முகம் மலர்ந்தது. தாயின் பெயரைச் சொன்னார், தாயின் ஆட்களைச் சொன்னார், தாய் செய்யும் எள்ளெண்ணெய் அல்வாவைப் பற்றியும் சொன்னார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதன் பிறகு வந்த எல்லாரிடமும் கேட்டேன், முன்னே வந்தவர்களையும் கூப்பிட்டுக் கேட்டேன். சிவப்புத் தாடிக்காரரும் சொன்னார், கைத்தடிக்காரரும் சொன்னார். ஒருவர்கூட முகம் சுழிக்கவில்லை. நான் பிரெஞ்சு எழுத்தில் பெயர் பதிந்த கொப்பியில் ஒரு நிரல் முழுக்க அம்மாமார்.

கூட்டம் தொடங்கும் நேரம் தோழி வந்து கொப்பியை எட்டிப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது.

“என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாய்? உனக்கு விசரோ? கேளாதை எண்டு சொன்னனான் எல்லோ!”

“நான் அப்பா பக்கம் கேக்கேல்லையே. அம்மா பக்கம்தானே…”

“ஐயோ வலால்” என்று தலையில் கை வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. எத்தனை வருடத்து வகுப்பு, என் வாயால் போகப் போகிறதே! கொப்பியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனவள், பின்வரிசையில் உட்கார்ந்து அதைப் புரட்டத் தொடங்கினாள். ஒரு பக்கம், அடுத்த பக்கம். திரும்பவும் முதலிலிருந்து.

கூட்டம் அவர்கள் மொழியில் நடந்தது. என் பக்கத்தில் நகரப் பேருந்து ஓட்டும் ஒரு சோமாலியப் பெண் இருந்து எனக்குப் பிரெஞ்சில் கிசுகிசுத்தாள். முதலில் சிவப்புத் தாடிக்காரர், பிறகு கைத்தடிக்காரர். நன்றாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்ல வேண்டும். அந்த ஆட்களுக்குப் பேச்சு பிறப்பிலேயே வருகிறது. ஆனால் இரண்டு பேரும் கடைசியில் வந்து நின்றது ஒரே இடத்தில். எங்கள் பக்கம் ஆட்கள் கூடுதல், ஆகவே கதிரை எங்களுக்கு.

தோழி எழுந்தாள். சலசலப்பு. சிவப்புத் தாடிக்காரர் இருந்த இடத்திலிருந்தே கேட்டார்: “மகளே, நீ நல்ல பிள்ளை. ஆனா உனக்குத் தந்தா இந்தக் கதிரை ஆற்றை?” கைத்தடிக்காரரும் தலையாட்டினார். வாக்கெண்ண என்னை ஏற்றதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

எனக்குப் பத்தி எரிந்தது. தோழி கொப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

“இண்டைக்கு வாசல்ல இந்தத் தமிழ்ப் பொம்பிளை உங்களிட்டை அம்மாவைக் கேட்டவ. நீங்கள் எல்லாரும் சந்தோசமாச் சொன்னனீங்கள். அப்ப அந்தக் கணக்கையும் ஒருக்காப் பாப்பம். நான் வாசிக்க மாட்டன். அவரவர் அம்மாவை அவரவரே சொல்லட்டும்.”

நடந்துபோய் சிவப்புத் தாடிக்காரரின் மடியில் கொப்பியை விரித்து வைத்தாள். மனிதர் கண்ணாடியைப் போட்டார். தன் வரியில் விரலை வைத்தார். வாசிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, மூடி வைத்திருக்கலாம். ஆனால் பெற்ற தாயின் பெயரை நாலு பேர் முன் எப்படி மூடி வைப்பது? வாசித்தார். தாய் கைத்தடிக்காரரின் குலம். மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்தது. கைத்தடிக்காரருக்கு அவர் மருமகன் முறை. தாய்மாமன் வீட்டில் மருமகனுக்கு இல்லை என்று சொல்ல அவர்களுக்கும் மனம் வராதாம், பேருந்துக்காரி சொன்னாள்.

கொப்பி கைத்தடிக்காரரிடம் போனது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. எழுந்து நின்று மனப்பாடமாகச் சொன்னார். அவருடைய தாய் மொகதீசுக் கடற்கரைப் பழைய தெருக்காரி. அதாவது, நாலரைக் கணக்கில் அந்த அரைக்குள் அடைபட்ட ஆட்கள். சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை, தடியைப் பிடித்தபடி நின்றார்.

அதற்குப் பிறகு கொப்பியே தேவைப்படவில்லை. ஒவ்வொருவராக எழுந்து அம்மாவைச் சொன்னார்கள். ஒரு குலத்து வரிசையில் பாதிப் பேர் மற்றக் குலத்து அம்மாமாரின் பிள்ளைகள். எங்கள் பக்கம் ஆட்கள் கூடுதல் என்று சொன்னவர்கள் எந்தப் பக்கத்தை எண்ணுவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“உங்களைப் பெத்த அம்மாமாரும் கட்டிக்குடுத்துப் போனவைதான்” என்றாள் தோழி. “அவையை இரண்டு பக்கமும் எங்கட எண்டு சொன்னதாலைதான் நீங்கள் இஞ்சை இருக்கிறியள். என்னை மட்டும் ஏன் இரண்டு பக்கமும் எங்கட இல்லை எண்டுறியள்? என்ர பிள்ளையளும் வகுப்புக்கு வருதுகள், என்ர அண்ணன்ர பிள்ளையளும் வருதுகள். ஒரே தட்டிலை சம்பூசா தின்னுதுகள். மண்டபம் போனா இரண்டு பக்கத்துப் பிள்ளையளுக்கும்தான் போகும். இனி வாக்குப் போடுங்கோ.”

என் முறை வந்தது. வெட்டுத் துளை போட்ட பிஸ்கட் டின்னை நடுவில் வைத்தேன். ஆண்கள் போட்டார்கள், பெண்கள் போட்டார்கள். எல்லார் கண் முன்னாலும் கொட்டி, ஒவ்வொரு துண்டாக விரித்துக் காட்டி எண்ணினேன். அவளுடைய குவியல் வளர்ந்து சரிந்து என் மடியில் விழுந்தது. மற்ற இரண்டு குவியலையும் சேர்த்தாலும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

அட, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது! பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கவிழ்த்துத் தாளம் போட்டார்கள். அவர்களுக்குப் பெண்கள் மட்டுமே கட்டிப் பாடும் ஒரு பாட்டு வகை உண்டு, புரான்புர் என்பார்கள். பேருந்துக்காரி அந்த இடத்திலேயே ஒன்று கட்டினாள். நடுவில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். ‘கேட்கக் கூடாததைக் கேட்ட தமிழச்சி’ என்று ஒரு வரியாம். நான் பாட்டில் ஏறிவிட்டேன் என்று எழுந்து ஒரு சுற்று ஆடியும் விட்டேன், வெட்கம் கெட்டு.

ஆரவாரத்துக்கு நடுவே சிவப்புத் தாடிக்காரர் என் மேசைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். கொப்பியைத் திறந்து தன் தாயின் பெயரைக் காட்டி, நான் பிழையாக எழுதியிருப்பதாகப் பிரெஞ்சில் சொன்னார். எழுத்தெழுத்தாகச் சொல்லித் திருத்த வைத்தார். நான் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு “மெர்சி” என்றார். பிறகு தோழியிடம் போய், நகரசபைக் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போடும் இடத்தை அவரே விரலால் காட்டினார்.

மண்டபத்தின் முன்னால் போட்டிருந்த தலைவர் கதிரையில் தோழி முதன்முதலாக உட்கார்ந்து, மொகதீசுவுக்குத் தொலைபேசி எடுத்தாள். படத்தில் தங்கையின் முகம் வந்ததும், வாசலில் நான் அம்மாவைக் கேட்டதிலிருந்து கதையைத் தொடங்கினாள். அவர்கள் பேசியதை எனக்குப் பேருந்துக்காரி சொன்னாள்.

“அவங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டாங்களோ?” என்று தங்கை கேட்டாள். “கதிரை ஆற்றை எண்டு?”

“கேட்டாங்கள்.”

“நீ என்ன சொன்னனி?”

தோழி போனைத் திருப்பிக் கதிரையைக் காட்டினாள், அதில் தான் இருப்பதைக் காட்டினாள். “என்ர” என்றாள்.

நான்கூட எட்டிப் பார்த்தேன். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தமிழ்ப் பொம்பிளை வாசல்ல கேட்டதை அப்பிடியே எனக்கு எழுதி அனுப்பு” என்றாள். “நான் திரும்ப நிக்கப்போறன்.”