பதினாலில் எத்தனை முத்தல்?

என் அலமாரியின் மேல்தட்டில், சேலைகளுக்கு அடியில், பழுப்பு நிற அரசாங்க உறை ஒன்று இருக்கிறது. ஓரங்கள் நைந்து, ஒரு மூலையில் தேயிலைச் சாயம் படிந்த உறை. அதற்குள் இருக்கும் கடிதம் எனக்கு வந்ததல்ல. அதைப் பிரிக்க எனக்கு உரிமையும் இருக்கவில்லை. ஆனாலும் பிரித்தேன். பிரித்ததோடு நிற்காமல் படித்தேன், படித்ததோடு நிற்காமல் அர்த்தமும் சொன்னேன். ஐம்பது வருடம் ஆகியும் அந்த உறையைத் தொட்டால் எனக்கு முதலில் வெட்கம்தான் வருகிறது. சந்தோஷம் அதற்குப் பிறகுதான் வரும்.

அப்போது நான் இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்தேன். அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள், கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள், வெள்ளைச் சேலை கட்டுபவள். இது போதாதா? வரிசை வீடுகளான லயங்களில் குடியிருந்த ஜனங்கள் என்னை நர்ஸம்மா என்றார்கள். அது நான் படித்த படிப்புக்கு ஒரு படி அதிகமான பட்டம் என்று தெரிந்தும் நான் யாரையும் திருத்தவில்லை. தோட்டத்து மருந்துச்சாலைக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரையா லீவில் ஊருக்குப் போகும் நாட்களில், அந்தப் பெரிய நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் பார்ப்பேன்.

மருந்துச்சாலை ஜன்னலுக்கு நேர் எதிரே கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம். மேட்டு லயத்து அக்காவை நான் முதலில் கவனித்தது அங்கேதான். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஒரு கூடையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். அதைச் சாக்கில் பரப்பி, நல்ல கொழுந்தை ஒரு பக்கமும் முத்தல் இலையை ஒரு பக்கமும் பிரித்து எண்ணுவார். முத்தல் அதிகமாக இருந்தால் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு நல்ல அர்ச்சனை கிடைக்கும். சில நாள் அவர் பிடியை அள்ளும்போதே திட்டத் தொடங்கிவிடுவார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். மேட்டு லயத்து அக்கா மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “எண்ணி முடிங்கய்யா, அப்புறம் திட்டுங்க” என்பாள். முடிவில் முத்தல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அவள் இதே மலைநாட்டில் திம்புள்ளயில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இரண்டு பெண் பிள்ளைகள்.

ஒருநாள் அவள் மருந்துச்சாலைக் கதவைத் தானே சாத்திவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். “கொழுந்துக்குள்ள சின்னக் கல்லு கெடக்குற மாதிரி இருக்குங்க நர்ஸம்மா” என்று என் விரலைப் பிடித்து இடது மார்பில் வைத்தாள். கடினமான ஒரு கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது. மற்ற பெண்கள் இதை யாரிடமும் காட்டாமல் புண்ணாகும் வரை ரவிக்கைக்குள் மறைத்து வைப்பார்கள். அவள் பத்து நாளில் வந்துவிட்டாள். டாக்டரையா பார்த்து, அதே வாரம் கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே மார்பை எடுத்து, கக்கத்தையும் திறந்து சுத்தம் செய்தார்கள். எடுத்ததையெல்லாம் பரிசோதித்த பிறகு கடிதம் வரும் என்று சொல்லி ஆளை அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கடிதம் வந்தபோது டாக்டரையா பத்து நாள் லீவில் போயிருந்தார். தபால் பை வந்திருப்பது தெரிந்து அவளுடைய வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் வந்து வாசலில் நின்றார்கள். “எனக்கு இது விளங்காது, டாக்டரையா வரட்டும்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்காலி விடவில்லை. பிரித்தேன். நோயின் பெயர் இருந்தது, அது எனக்குத் தெரியும். கட்டி ஓர் அங்குலம். நோய் முதல் கட்டத்தில் இருக்கிறது. கடைசி வரியில், கக்கத்திலிருந்து எடுத்த பதினாலு நெறிக்கட்டிகள் என்று இருந்தது. பக்கம் அங்கே முடிந்தது. நானும் அங்கேயே முடித்துக்கொண்டேன். “கக்கத்திலே பதினாலு இடத்திலே இருந்திருக்கிறது” என்று சொன்னேன். இப்போது எழுதும்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலத்துக்குள் மேட்டு லயம் முழுக்கப் பதினாலு என்ற பேச்சுத்தான். முதல் கட்டம் என்றால் இனி ஒவ்வொரு கட்டமாக வரிசையாக வரும் என்று அவர்களே ஒரு கணக்குப் போட்டார்கள். வீட்டுக்காரரின் அண்ணனான மூத்தவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: போகிற உயிர் சொந்த மண்ணில் போகட்டும், திருச்சிப் பக்கம் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். தோட்டத்துத் தமிழர்களான நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போயிருந்த காலம் அது. சரியான பத்திரம் இல்லாமல் கப்பலேறினால் திரும்பி வர வழியே இல்லை. பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு அவள் மட்டும் போவதாக ஏற்பாடு. இந்தியாவுக்குக் கப்பல் புறப்படும் தலைமன்னாருக்கு ரயிலேற நாள்கூடப் பார்த்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கட்டு மாற்றுவதற்காக நான் அவளுடைய லயத்துக்குப் போனேன். மூலையில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. பெரியவள் அழுதுகொண்டே தாயின் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் மூத்தவர் உட்கார்ந்து, “நம்ம ஊருக் காத்து பட்டா நல்லா இருக்கும்மா” என்றார். “அது உங்க ஊருங்க மாமா. நான் கண்ணால பாத்தது கெடையாது” என்று சொல்லிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“நர்ஸம்மா, அந்தப் பதினாலு என்னாங்க? பதினாலு எடுத்தாங்களா, பதினாலும் கெட்டுப் போயிருந்துச்சா?”

கையிலிருந்த கட்டுத்துணியைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

“மடுவத்துல ஒரு பிடி அள்ளுறாங்க. அள்ளுனது அத்தனையும் முத்தலா? பிரிச்சு எண்ணித்தானே சொல்றாங்க. இவங்க பதினாலு அள்ளிப் பாத்தாங்கன்னா, அதுல முத்தல் எத்தனைன்னு போட்டிருக்கணுமே. எண்ணி முடிக்காம என்னைக் கப்பலேத்துறீங்களே.”

வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிகளில் வழுக்கி, மருந்துச்சாலைக்கு ஓடினேன். கடிதத்தை எடுத்தேன், தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் இரண்டே வரி இருந்தது. பதினாலையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம், ஒன்றில்கூட நோய் இல்லை. வெட்டிய ஓரங்களும் சுத்தம். நெறிக்கட்டி எல்லார் கக்கத்திலும் இருப்பதுதான்; நோய் அங்கே பரவியதா என்று பார்க்கத்தான் எடுத்திருக்கிறார்கள்.

என் இங்கிலீஷை நானே நம்பவில்லை. அடுத்த தோட்டத்து டாக்டரிடம் மழையில் நடந்து போய்க் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, “பதினாலில் ஒன்றில்கூட இல்லை. இதைவிட நல்ல கடிதம் எப்படி எழுதுவது? யார் உனக்கு வேறு மாதிரிச் சொன்னது?” என்றார். யாரென்று நான் சொல்லவில்லை.

ஆனால் மேட்டு லயத்தில் சொன்னேன். எல்லாரும் கூடியிருந்தபோது, தப்பு என்னுடையது, நான் மறுபக்கம் பார்க்கவில்லை என்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகக் கஷ்டமான பேச்சு அது. மூத்தவர் விடவில்லை. “அப்ப அந்த முதல் கட்டம்? மத்தக் கட்டமெல்லாம் பின்னால வருமில்ல?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “அட்டன்ல ரயிலேறுன ஆளை அடுத்த டேசன் றொசல்லயிலயே புடிச்சு எறக்கிட்டா, அவன் கொழும்புக்கு எப்பிடிங்க மாமா போவான்? எங்க வச்சுப் புடிச்சாங்கன்னுதானே அந்த நம்பரு!” லயமே சிரித்தது. மூத்தவரும் சிரித்துவிட்டார். லீவு முடிந்து வந்த டாக்டரையா, நோய் திரும்பியும் வரலாம், அதனால் சொன்ன தேதிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும் என்றார். என்னையும் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அது எனக்கு வேண்டியதுதான்.

சேலைகள் பெட்டியிலிருந்து மறுபடி கொடிக்கு வந்தன. இடது கை தோளுக்கு மேலே எழவில்லை. சுவரில் விரல்களை ஊன்றி மெல்ல மெல்ல மேலே ஏற்றச் சொல்லிக்கொடுத்தேன். எட்டிய இடத்தில் தினமும் கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். சுண்ணாம்புச் சுவரில் அந்தக் கோடுகள் ஏறிக்கொண்டே போய்க் கதவு நிலையைத் தாண்டிய நாளில், விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டாள். அன்று மத்தியானம் ஜன்னலில் நின்று பார்த்தேன். கணக்கப்பிள்ளை அவளுடைய கூடையில் ஒரு பிடி அள்ளி, ஒன்றும் பேசாமல் எண்ணி முடித்து, அதற்கப்புறம்தான் தலையை நிமிர்த்தினார். முத்தல் ஒன்றுகூட இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் மலைத்தண்ணீர் விழும் பீலியில் மற்றப் பெண்களோடு குளிக்கும்போது தழும்பை மறைக்கவில்லை. முதலில் முகத்தைத் திருப்பிய பெண்கள் பிறகு கேள்வி கேட்டார்கள், அதன் பிறகு ஒவ்வொருவராக என்னிடம் வந்து கதவைச் சாத்தினார்கள். பலருக்குப் பால்கட்டுத்தான். ஒருத்திக்கு மட்டும் அந்தக் கல் இருந்தது. அவளும் சீக்கிரமே வந்ததால் பிழைத்தாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலானபோது அக்கா இந்த உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். “எனக்கு எதுக்குங்க? நீங்க வச்சுக்கங்க. அடுத்த வாட்டி திருப்பிப் பாப்பீங்க” என்றாள். அதற்கப்புறமும் அவள் நெடுங்காலம் இருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் முடித்து, பேரன் பேத்தி பார்த்து, முதுமையில் ஒரு காய்ச்சலில், அதே லயத்தில் கண்மூடினாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு எனக்கே வந்தது. அறுவைக்குப் பிறகு இளம் டாக்டர் ஒருவர் கம்ப்யூட்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் கட்டம் என்றார். பக்கத்தில் நின்ற தங்கை மகள் விசும்ப ஆரம்பித்தாள். “அழாதடி, எண்ணி முடிக்கட்டும்” என்றேன். “கக்கத்தில் எத்தனை எடுத்துப் பார்த்தீங்க டாக்டர்? அதில் எத்தனை கெட்டது?”

“பதினொன்று பார்த்தோம் அம்மா. ஒன்றில் இருந்தது.” அவர் தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். “இப்படிக் கேட்க எங்கே படிச்சீங்க?”

“கொழுந்து மடுவத்தில்” என்றேன்.

அந்த ஒன்றுக்காக மருந்தும் ஊசியும் பட்டேன், முடியைக் கொடுத்தேன், முடியைத் திரும்பவும் வாங்கினேன். போன மாதம் போய்க் காட்டினேன், ஒன்றும் இல்லை. என் ரிப்போர்ட்டும் இப்போது அக்காவின் உறைக்குள்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் மடித்து வைத்தேன்.