மண்ணாங்கட்டி நம்பரில் நாற்பத்தொரு பேர்

தனத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். டெலிபோன் போர்டில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்த பழக்கம் அது. வேங்கிக்கால் தாண்டி இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவள் குரல் தணிந்துவிட்டதென்றால் நர்சுகளே வேறு பக்கமாக நடையைக் கட்டிவிடுவார்கள்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். புருஷன் செத்த மறு வருஷம், பத்தாவது பாஸ் என்ற ஒரு காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு டாக்டர் ராஜமாணிக்கத்திடம் வந்து நின்றாள். ஆஸ்பத்திரி திறந்த புதுசு, போர்டில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து வருகிற போன் எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது தனம்தான். கிராமத்து ஜனங்கள் பேர் சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பார்களா என்ன? "நான்தான் பேசறேன்" என்பார்கள். "எந்த நான்?" என்று கூச்சமில்லாமல் கேட்பாள். ரெண்டு கேள்வியில் ஊர், ஆள், வியாதி மூன்றும் வெளியே வந்துவிடும்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. டாக்டரின் மருமகன் கைலாஷ் மேனேஜராக வந்து உட்கார்ந்தான். டெலிபோன் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் ஒரு ஒயரால் இணைத்தான். போன் மணி அடித்ததுமே கம்ப்யூட்டர் நம்பரைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும். நோயாளி பேர், கடைசியாகப் பார்த்த டாக்டர் எல்லாம் திரையில் வரும். யாரும் தொடாமலே போன் அந்த டாக்டரின் பிரிவுக்குப் போய்விடும். பொய் சொல்லக்கூடாது, முதலில் பார்த்தபோது தனத்துக்கும் பிடித்துத்தான் இருந்தது. தொண்டைத் தண்ணீர் மிச்சம் என்று நினைத்தாள்.

பிறகுதான் கைலாஷ் மீதியைச் சொன்னான். ஒரு வாரம் சோதனை. அவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும், எதையும் தொடக்கூடாது. சோதனை நன்றாக முடிந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து போர்டுக்கு ஆள் தேவையில்லை, தனம் கீழே போய்ச் சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை எண்ணி வாங்கலாம். சம்பளம் குறையாது என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னான். எப்படி இருக்கிறது பாருங்கள்!

முதல் நாளே தனத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. கீழ்பென்னாத்தூர் பக்கத்து நோயாளிகள் பாதிப்பேர் மண்ணாங்கட்டி என்ற டிரைவரின் வேனில்தான் வருவார்கள். சீட்டு போடுமிடத்தில் வரிசையில் நிற்பது, விலாசம் சொல்வது எல்லாம் அவன்தான். போன் நம்பர் கேட்டால் தன் நம்பரைச் சொல்லிவிடுவான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷன் கையில் வீட்டின் ஒரே போன் இருந்தால் வீட்டுக்காரி எந்த நம்பரைச் சொல்வாள்? யாருக்கு என்ன ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவதும் அவனேதான். கம்ப்யூட்டருக்கு இது தெரியுமா? அந்த நம்பரில் கடைசியாகச் சீட்டு போட்டவர் யாரோ, அவர்தான் பேசுகிறார் என்று அடித்துச் சொல்லிற்று. தனம் கைலாஷிடம் போய் விளக்கினாள். அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, பார்க்கலாம் என்றான். அன்றைக்கே அவள் தப்பான பிரிவுக்குப் போகிற போன்களைத் தன் பக்கம் இழுக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை பௌர்ணமி. மத்தியானமே கிரிவலத்துக்கு வந்த வெளியூர் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டன. இரண்டு மணிக்குத் திரையில் மண்ணாங்கட்டியின் நம்பர் வந்தது. பக்கத்தில் நோயாளி பேர் வேடியப்பன், வயது எழுபத்திரண்டு, கண்புரை. போன் கண் பிரிவுக்குப் பாய்ந்தது. கண் பிரிவு ஒரு மணிக்கே பூட்டியாகிவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தனம் போர்டில் பொத்தானைத் தட்டிப் போனைத் தன் பக்கம் பிடுங்கினாள்.

"யக்கா, நம்ம தமிழ்செல்விக்கு வலிப்பு வந்துடுச்சிக்கா. எட்டு மாசம் புள்ளத்தாச்சி. நான் பஸ்ஸுங்களுக்கு நடுவுல மாட்டிக்கினேன். உள்ள டாக்டரம்மா இருக்காங்களா, இல்ல வேற எங்கனா போவட்டா?"

டாக்டரம்மா இருக்கிறார், பின் வாசலுக்கு வா என்றாள். பிரசவ வார்டுக்குச் சொன்னாள். போக்குவரத்துப் போலீசுக்குப் போன் போட்டு வேன் நம்பரைச் சொல்லி வழி விடச் சொன்னாள். வேன் வந்தபோது பின் கேட் திறந்திருந்தது, ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே நின்றது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் குழந்தை.

பாராட்டுவார்கள் என்று நினைத்தீர்களா? சனிக்கிழமை மெமோ வந்தது. சோதனை வாரத்தில் அறுபத்துநாலு அழைப்புகளில் ஆபரேட்டர் குறுக்கிட்டார், அதனால் சோதனை கெட்டது என்று கம்ப்யூட்டரே தேதியும் நேரமும் போட்டுக் கொடுத்திருந்தது.

டாக்டர் ராஜமாணிக்கம் அறையில் விசாரணை. உட்காரச் சொல்லும்வரை தனம் காத்திருக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மண்ணாங்கட்டி நம்பரைப் போட்டுத் தேடச் சொன்னாள். கைலாஷ் வேண்டாவெறுப்பாகத் தட்டினான். திரையில் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். கண்புரை, சர்க்கரை, பிரசவம், பாம்புக்கடி. ஆனாலும் கைலாஷ் விடுவானா? சீட்டு போடுகிறவர்கள் தப்பு, இனிமேல் ஆளுக்கு ஒரு நம்பர் இல்லாமல் சீட்டே போடக்கூடாது என்றான்.

தனத்தின் குரல் தணிந்தது. "நம்பர் இல்லாதவங்க நோவு வராம இருக்கணுமா சார்?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். மருமகனையும் விட்டுக்கொடுக்க முடியவில்லை, இவள் முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை. ஒரு நடுவழி சொன்னார். விதியை மீறியதற்கு வருந்துகிறேன், இனி அழைப்புகளில் கை வைக்க மாட்டேன் என்று ரெண்டு வரி எழுதிக் கொடுத்தால் மெமோவைக் கிழித்துவிடலாம். கீழே விரிப்பு எண்ணும் வேலை நிச்சயம். எழுதாவிட்டால் வேலை போகும்.

வீட்டுக் கடனும் மகளின் கல்லூரியும் அவளுக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். பயமும் இருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கினாள். நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினாள். மடிக்காமல் டாக்டர் முன்னால் வைத்தாள்.

'அறுபத்துநாலு தடவை எடுத்தேன். வருந்தவில்லை. வலிப்பு வந்த பெண்ணுக்காகப் போன் வந்து, கண் பிரிவில் மணி அடித்தால் அறுபத்தைந்தாவது தடவையும் எடுப்பேன். இப்படிக்கு, தனம், டெலிபோன் ஆபரேட்டர்.'

டாக்டர் அதை ரெண்டு தடவை படித்தார். கைலாஷ் கை நீட்டினான், அவர் கொடுக்கவில்லை.

"நான் போலாங்களா சார்? போர்டுல ஆள் இல்ல," என்று சொல்லிவிட்டு தனம் எழுந்து போனாள். வேலை இருக்கிறதா இல்லையா என்று அவள் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எடுத்தாள்.

"நான்தான் பேசறேன்."

"எந்த நான்? சொல்லுங்க," என்றாள் தனம்.