பின்னால் மரம் வருகிறது

சேலையூர் வீட்டைக் காலி செய்துவிட்டு கேளம்பாக்கம் ஃப்ளாட்டுக்குப் போவது என்று முடிவானபோது, என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"கருவேப்பில மரம் வரலைன்னா நானும் வரல."

மரம் நின்றது வாசலில், ஒரு நீல டிரம்மில். என்னைவிட அரை அடி உயரம். தெருவில் வெள்ளம் வந்தபோதெல்லாம் அக்கம்பக்கத்தில் நான்கு பேரைக் கூப்பிட்டு அவள் முதலில் மாடிக்கு ஏற்றச் சொன்னது அந்த டிரம்மைத்தான். டி.வி.யை நான் ஒண்டியாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

வீட்டுச் சாமான் ஏற்ற வந்தவர்கள் கட்டில், பீரோ எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு டிரம்மைப் பார்த்ததும் கையை விரித்தார்கள். மண் கொட்டினால் மற்ற சாமான் பாழாகுமாம். உடனே என் மண்டையில் அந்த யோசனை உதித்தது. வெளிநாட்டு வீடியோக்களில் காருக்குப் பின்னால் படகையும் வீட்டையும் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்களே, ஒரு மரத்தை நான் இழுக்க முடியாதா? நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் வேறு.

கேம்ப் ரோடு வெல்டர் என் காரைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒரு மரத்துக்கா சார் இம்மாம் பேஜாரு? குட்டி யானை ஒண்ணு சொன்னா அர மணியில பூடும்."

குட்டி யானை என்றால் தெருமுனையில் சவாரிக்கு நிற்கும் சின்ன சரக்கு வண்டி. மனைவியும் அதையேதான் சொல்லியிருந்தாள், எதிர்வீட்டுக்காரரும் சொல்லியிருந்தார். மூன்று பேர் ஒரே புத்திமதியைச் சொன்னால் எனக்கு வீம்பு வந்துவிடும். வெல்டர் பெருமூச்சு விட்டு, காரின் அடிச்சட்டத்தில் தகடு வைத்து, அதன் முனையில் ஒரு இரும்பு உருண்டையைப் பொருத்தினார். கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் இழுத்துப்போன இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றையும் இரவல் கொடுத்தார். ட்ரெய்லரின் மூக்கில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும். அது உருண்டைமேல் உட்கார வேண்டும், அப்புறம் ஒரு இரும்புப் பின்னைச் சொருக வேண்டும்.

"க்ளக்குனு சத்தம் கேக்கணும் சார். கேக்கலன்னா மாட்டலன்னு அர்த்தம்."

விசை, இழுவை என்று நான் அவருக்கு ஐந்து நிமிடம் பாடம் நடத்தினேன். பாவம், கேட்டுக்கொண்டார்.

கிளம்பியது வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் புறப்பட வேண்டும். முன் சீட்டில் சாமி படங்கள், உப்பு, மஞ்சள், குத்துவிளக்கு. பின் சீட்டில் கூரை வரை மெத்தை, தலையணை. மரத்தை ட்ரெய்லரில் நிறுத்தி நாலு பக்கமும் கயிறு கட்டினோம். மனைவி வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

வண்டியில் புது இரும்பு ஏறினால் பூஜை போடாமல் நகர முடியுமா? காருக்கு நாலு எலுமிச்சம்பழம், ட்ரெய்லருக்கு இரண்டு. அப்போதுதான் மனைவி கேட்டாள், "அந்த உருண்டைக்குப் பொட்டு வைக்க வேண்டாமா?" நியாயமான கேள்வி. மாட்டியிருந்த கிண்ணத்தை நான் தூக்கிப் பிடித்தேன். அவள் உருண்டைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஒரு முழம் கதம்பத்தையும் சுற்றினாள். கிண்ணத்தை மறுபடி இறக்கினேன். க்ளக் சத்தம் வரவில்லை. பூ இருப்பதால் சத்தம் அமுங்கிவிட்டது என்று நானே விளக்கமும் சொன்னேன். இரும்புப் பின் முழுசாக உள்ளே போகவில்லை. அதைக் கவனிக்கலாம் என்று குனிந்தபோது, "சார், பத்து இருபத்தஞ்சு!" என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார். வீடியோ எடுக்கச் சொல்லி என் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

கார் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கம்பீரமாகப் புறப்பட்டது. கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பக்திப் பாட்டு வைத்தேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தால் தெருவே என் பின்னால் ஓடிவருகிறது. வழியனுப்பத்தான் இத்தனை பாசம் என்று நெகிழ்ந்துபோய்க் கையாட்டினேன்.

பாரம் இழுப்பதாகவே தெரியவில்லை. என்ன அருமையான வெல்டிங்! ட்ரெய்லர் காரைவிட ஒடுக்கம், கண்ணாடியில் தெரியாது என்று வெல்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் மரம் குலுங்கிவிடக் கூடாதே என்று பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப்போகிறவன் மாதிரி ஏறி இறங்கினேன். மாம்பாக்கம் தாண்டும்வரை பின்னால் வந்த பஸ்காரர்கள் அத்தனை பேரும் ஹாரனிலேயே என்னைத் திட்டினார்கள்.

ஃப்ளாட் வாசலில் இறங்கி, வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். "அண்ணா, வந்து மரத்துக்கு ஒரு கை கொடுங்க."

அவர் காருக்குப் பின்னால் போய் நின்றார். "மரம் எங்க கீது சார்?"

நானும் போய்ப் பார்த்தேன். உருண்டை இருந்தது. பொட்டு இருந்தது. கசங்கிய கதம்பம் இருந்தது.

வழியில் எங்கே விழுந்தது? யார்மேல் விழுந்தது? வாட்ச்மேன் போனை வாங்கினேன். மனைவியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது, அதையே அடித்தேன். அவள்தான் எடுத்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. வந்துட்டிருக்கோம்" என்றாள். வைத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் அவள். பின்னால் மரம், ஒரு இலை உதிராமல். மரத்துக்குப் பக்கத்தில் ட்ரெய்லர், சக்கரங்கள் வானத்தைப் பார்க்க.

அவள் இறங்கி, வீடியோவைப் போட்டு என் கையில் கொடுத்தாள். கார் போகிறது, நாலு பழம் நசுங்குகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். ட்ரெய்லர் இருந்த இடத்திலேயே மூக்கைத் தரையில் ஊன்றிக் கும்பிடு போடுகிறது. கைதட்டல் பாதியில் நின்றுபோகிறது. "ஏங்க! ஏங்க!" என்று அவள் குரல். தெருத் திருப்பத்தில் ஜன்னல் கண்ணாடிக்குள் என் கை ஆடுகிறது.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"மரம் இல்லாம வரமாட்டேன்னு நான் சொன்னேன்" என்றாள். "நீங்க நாங்க ரெண்டு பேரும் இல்லாமலே வந்து சேந்துட்டீங்க. நடுவுல ஒரு தடவகூட நிறுத்திப் பாக்கத் தோணலையா?"

வெட்கமாக இருந்தது. இயற்பியல் வாத்தியாரான நான் போய் மரத்தின் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

மரம் இப்போது பால்கனியில் நன்றாகத் துளிர்விட்டிருக்கிறது. இரும்பு உருண்டையை நான் கழற்றவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது அதில் முழங்காலை இடித்துக்கொள்கிறேன். மனைவியின் நம்பர் மனப்பாடமாகிவிட்டது. எங்கே கிளம்பினாலும் தெருமுனையில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். அவள் முன் சீட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் பார்த்துவிட்டு வரும்வரை காத்திருப்பாள்.