ஆர்க்கிட் செடிக்குப் பத்து மணி வெயில்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், சரக்கைக் காயப்போடும் மேடையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். முழங்கால் தகராறு செய்த பிறகு, சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருந்த ஒரு முதலாளி வீட்டில் பெருக்கித் துடைக்கவும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அந்த வீட்டில் நான் பேசவே மாட்டேன். கேட்டால் தலையாட்டுவேன், அவ்வளவுதான்.

முதலாளியம்மாவின் மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாப்பா ஒருமுறை வரும்போது பூவோடு ஒரு ஆர்க்கிட் செடி கொண்டுவந்தது. அந்தப் பூவை அதுவரை காலண்டரில்தான் பார்த்திருந்தோம். காலண்டரில் பூ மட்டும்தான் இருக்கும், செடியை எங்கே வைக்க வேண்டும் என்று போட்டிருக்காது. முதலாளியம்மா அதை ஏசி ஹாலில் டி.வி. பக்கத்தில் வைத்தார்கள். பூ உதிர்ந்தது. பிறகு கரும்பு மாதிரி கணு வைத்த குச்சிகள் மெலிந்து நீண்டு, ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தன. இலை கரும்பச்சை. ஒரு வருஷமாகியும் பூ இல்லை.

வெளிச்சம் போதவில்லை என்று யாரோ சொல்ல, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இலையெல்லாம் சூடு போட்டதுபோல் பழுப்புத் திட்டு. இது ஆகாது என்று எனக்கு முதல் நாளே தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அது இன்றைக்கும் எனக்கு ஒரு குறைதான்.

மறுநாள் முதலாளியம்மா செம்பருத்தி வெட்டும் கத்தரியோடு செடி முன்னால் உட்கார்ந்தார்கள். செம்பருத்தியை ஒட்ட வெட்டினால் தழைக்கிறதே, இதையும் அப்படி வெட்டிவிடலாம் என்று எண்ணம். இலையே இல்லாத ஒரு கிழட்டுக் குச்சியில் முதலில் கத்தரியை வைத்தார்கள்.

"வெட்டாதீக, தாயி" என்றேன்.

வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது எனக்கு. கத்தரி நின்றது.

"பெரியம்மா, உங்களுக்குப் பேச வருமா? இம்புட்டு நாளா ஊமைன்னுல்ல நினைச்சிருந்தேன்" என்றார்கள் முதலாளியம்மா.

அடுப்படியிலிருந்து சமையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "செடிக்கு வக்கீல் வந்தாச்சும்மா. இனிமே நம்ம பேச்சு எடுபடாது."

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை. "அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருக்கு. இது காயல. இத எங்கிட்ட விட்டுருங்க. வெயிலு எனக்குத் தெரியும்."

"சரி. பங்குனியில அம்மன் கோயில் பொங்கலுக்கு எம் மக வாறா. அதுக்குள்ள இதுல பூ வரணும். வரலைன்னா செடி குப்பைக்கு, நீங்க பழையபடி ஊமை. சம்மதமா?"

தலையாட்டப் போனவள், "சம்மதம்" என்று வாய்விட்டே சொன்னேன்.

நான் சொன்னது வீம்பு இல்லை. மேடையில் சரக்கைக் காலை வெயிலில் பரப்பி, வெயில் ஏறுமுன் அள்ளிவிட வேண்டும். நான் கடிகாரம் பார்த்ததில்லை. சிமெண்டில் புறங்கையை வைப்பேன். கை அங்கேயே கிடக்கச் சம்மதித்தால் இளவெயில். எடுத்துவிடு என்றால் அள்ள வேண்டிய நேரம். அதேபோல அந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னல் கட்டையிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். பின்கட்டுக் கிழக்கு ஜன்னல் சரியாக இருந்தது. பத்து மணி வரை வெயில் நேராக விழட்டும். அதன்பின் வெள்ளை வேட்டித் துணியை இழுத்துவிட்டால் வெளிச்சம் மட்டும் வரும். செடியை அங்கே வைத்தேன்.

வெட்டியது கொஞ்சம்தான். அமுக்கினால் சக்கையாக நொறுங்கிய இரண்டு குச்சிகளையும் காய்ந்த பூக்காம்பையும் எடுத்தேன். பாதி கருகிய இலைகளை விட்டுவைத்தேன், மீதிப் பாதி பச்சை இருக்கிறதே. ஒரு குச்சி நுனியில் குட்டிச் செடி முளைத்து வேர் விட்டிருந்தது. வேர் விரல் நீளம் வளர்ந்ததும், வெந்நீரில் கழுவிய பிளேடால் அறுத்து, வெட்டுவாயில் மஞ்சள் வைத்து, கரித்துண்டு போட்ட தொட்டியில் தனியே வைத்தேன். நெட்டையாகிவிட்ட குச்சிகள் இனிக் குட்டையாகாது. அவற்றுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டினேன். கரி காய்ந்தால்தான் தண்ணீர்.

ஆடியில் அடியிலிருந்து புதுக் குருத்து வந்தது. மெலியாமல், கட்டைவிரல் தடிமனில் குட்டையாக நின்றது. தீபாவளி சீசன் முடியும்போது இலை இளம்பச்சையாகிவிட்டது. வெயில் சரி என்று தெரிந்துகொண்டேன். பூ மட்டும் வரவில்லை. மாசியும் போனது. சமையல்காரம்மா தினமும், "வக்கீலம்மா, இன்னைக்கும் வாய்தாதானா?" என்பாள்.

பங்குனியில், அன்றைக்கு வெட்டப் பார்த்தார்களே, அந்தக் கிழட்டுக் குச்சியின் நுனியில்தான் பூக்காம்பு வந்தது. பாப்பா வந்து இறங்கிய அன்று ஏழு மொட்டு. ஒன்றும் விரியவில்லை.

முதலாளியம்மா குனிந்து பார்த்தார்கள். "மொட்டு பூவுல சேருமா, பெரியம்மா?"

"சேரும்" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர்கள் சிரித்துவிட்டார்கள். "அப்ப வாங்க, முன்னாடி இருக்கிற ரோசாவ எங்கன வைக்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். மூன்றாம் நாள் காலையில், பாப்பா ஊருக்குக் கிளம்புமுன், முதல் மொட்டு விரிந்தது.

சமையல்காரம்மா இன்னும் திருத்தங்கலில்தான் இருக்கிறாள். குருத்து வந்தது ஆடியா ஆவணியா, மொட்டு ஏழா எட்டா என்று யாராவது அவளிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். மஞ்சள் வைத்தது சரிதானா என்று செடி தெரிந்தவர்கள் பார்க்கட்டும். பத்து மணி வெயிலை மட்டும் திருத்த வேண்டாம்.