பூவராகன் தோண்டிய கடல்

மேலே தூக்கிய குழாயின் வாயில் ஒட்டியிருக்கும் சேற்றை ஆள்காட்டி விரலால் வழித்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்து, நாக்கு நுனியில் வைத்துக்கொள்கிறார் பூவராகன். கண் மூடுகிறது. கல்யாண வீட்டுச் சமையற்காரர் ரசத்துக்கு ருசி பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. "களி. இன்னும் ஒரு ஆளு ஒயரம் களிதான், அப்பறம் மணலு" என்று சொல்லிவிட்டுத் துப்புகிறார். சில சமயம் மணல் வரும். வராமலும் போகும். வராவிட்டால், "பூமி என்னா நம்ம வூட்டு வேலக்காரனா, சொன்னத கேக்க?" என்று அவரே சிரித்துவிடுவார்.

பண்ருட்டி முந்திரிக்காடு முதல் சிதம்பரத்து நெல்வயல் வரை தண்ணீருக்குப் போர் போடுகிற மேஸ்திரிகள் பலர் உண்டு. மூன்று பனங்கட்டைகளை முக்காலியாக நிறுத்தி, நடுவே இரும்புக் குழாயைத் தொங்கவிட்டு, ஆட்கள் செக்குமாடு மாதிரி சுற்றி வந்து அதைப் பூமிக்குள் திருகி இறக்குவார்கள். எல்லா மேஸ்திரிகளும் செய்கிற காரியம்தான். ஆனால் வந்த மண்ணை வந்த வரிசையில் ஓலைப் பாயில் குவித்து, கோழி கிளறாமல் காவல் இருப்பவர் எனக்குத் தெரிந்து பூவராகன் ஒருவர்தான். மஞ்சள் மண், செம்மண், களி, கரிபோல ஒன்று, அதற்குப் பிறகு வெள்ளை மணல். யாராவது பாயைத் தாண்டினால் திட்டு விழும்.

நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தோள்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் அகலமாக இருக்கும். துடுப்பு போட்ட தோள். "பூமிய கடல்லேருந்து தூக்கியாந்த ஸ்ரீமுஷ்ணத்து சாமி பேர வெச்சாங்க. நான் அந்த பூமியவே ஓட்ட போட்டுக்கிட்டு கெடக்கறேன்" என்பது அவர் எல்லோரிடமும் சொல்லுகிற வேடிக்கை. கூடவே இருக்கும் பக்கிரி இதைப் பலமுறை கேட்டிருந்தும் தவறாமல் சிரிப்பார். நல்ல கூட்டாளி.

சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணாமலைநகரில் ஒரு நிலவியல் விரிவுரையாளர் வீட்டுக் கொல்லையில் இவர்கள் வேலை செய்தார்களாம். அந்த மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த மண்ணையெல்லாம் குப்பியில் அடைத்தபடி பூமி பிறந்த கதையைச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் டீ குடிக்க நழுவிவிட்டார்கள். பூவராகன் நழுவவில்லை. அன்று பிடித்தது. இப்போது போர் போடும் இடமெல்லாம் அந்தக் கதை நடக்கிறது. தண்ணீர் எப்போது வரும் என்று தவித்து நிற்கும் குடியானவர்களுக்குப் பூமி எப்போது வந்தது என்று இவர் சொல்கிறார்.

"மொதல்ல சூரியன சுத்தி வெறும் புழுதிதான் சார். நம்ம பண்ருட்டி ரோட்டுல லாரி போனா கெளம்புமே, அதுமாதிரி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கல்லாச்சி. கல்லும் கல்லும் மோதி மோதி ஒரே நெருப்பு உருண்ட. கொழம்பா கொதிச்சிக்கிட்டு கெடந்திச்சி. கனமான இரும்பெல்லாம் அடியில போயி குந்திக்கிச்சி. லேசானது மேல வந்து ஆட கட்டிச்சி, பால்ல கட்டற மாதிரி. அந்த ஆட மேலதான் நீங்களும் நானும் நிக்கறோம்."

இந்த இடத்தில் ஒரு பீடி. புகை விட்டதும் குரல் இறங்கும்.

"அப்பறம் பேஞ்சிது பாருங்க மழ! நம்ம ஐப்பசி மழையெல்லாம் அதுங்கிட்ட தூத்தல். லட்ச லட்சமா வருசம், வுடாத மழ. பள்ளமெல்லாம் ரொம்பிச்சி. அதான் கடலு. மொத உசுரு அதுலதான் பொறந்திச்சாம், கண்ணுக்கே தெரியாத உசுரு. மீனு, நண்டு, ஆடு, மாடு, மனுசன், அல்லாருக்கும் அதான் தாய்வூடு. அழுதா கண்ணு தண்ணி ஏன் கரிக்குது? யோசிச்சி பாருங்க."

அந்த விரிவுரையாளர் கேட்டால் இரண்டு இடத்திலாவது தலையில் கை வைத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஆனால் பூவராகன் சொல்லிக் கேட்டவர்களுக்குத் திருத்தம் சொல்ல மனசு வராது. பிரிந்துபோன சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற குரல் அது.

சந்திரனில் ருஷ்யாக்காரன் கருவி இறங்கிவிட்டதாக டீக்கடை ரேடியோ சொன்ன அன்று, எல்லோரும் வாயைப் பிளந்தபோது, இவர் ஒன்றுதான் கேட்டார். "அங்க தண்ணி இருக்காமா?" இல்லை என்றேன். காற்றும் இல்லை என்றேன். "அப்பறம் என்னாத்துக்கு மெனக்கெட்டு போனான்?" என்று வருத்தப்பட்டார். "நம்ம பூமிதான் சார் சரியான எடத்துல குந்திக்கிட்டு இருக்குது. சூரியனுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட போனா தண்ணியெல்லாம் ஆவியா பூடும். எட்ட போனா ஒறஞ்சி பூடும். தண்ணி இல்லன்னா உசுரு ஏது? ஆச ஜாஸ்தி இருந்தாலும் எட்ட நின்னாத்தான் பொழைக்கலாம். எங்கம்மாவும் அதத்தான் சொல்லுது."

அவருடைய அம்மா அஞ்சம்மாள் கடலூர்ப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறார். மீனவக் குடும்பம். பூவராகனுக்கு முன் பிறந்த இரண்டு அண்ணன்களையும் ஓர் ஐப்பசிப் புயல் ஒரே கட்டுமரத்தோடு கொண்டுபோயிற்று. உடம்புகூடக் கரை ஒதுங்கவில்லை. அந்த வாரமே அம்மா, மிச்சமிருந்த ஒரு மகனை மாரியம்மன் கோவில் வாசலில் நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, கையால் அடித்து அணைக்கச் சொன்னார். "எங்கம்மா உசுரோட இருக்கற வரைக்கும் கடல் தண்ணியில கால் வெக்க மாட்டேன்" என்று பூவராகன் சத்தியம் செய்தார். அப்போது இவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கடலைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. போர் போடுகிற கூட்டத்தில் சேர்ந்து, மேற்கே வந்துவிட்டார்.

சத்தியம் சத்தியம்தான். மாசிமகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வந்து, ஊரே அலையில் முங்கி எழும்போது, பூவராகன் மட்டும் காய்ந்த மணலில் எல்லோருடைய துணிக்கும் செருப்புக்கும் காவலாக நிற்பார். பொம்பளைகள் கேலி பண்ணுவார்கள். அதெல்லாம் அவருக்கு உறைக்காது. அவர் பார்வை வேறு எங்கோ, அலைகளுக்கும் அப்பால் இருக்கும்.

இதில் இருக்கிற கொடுமை ஒன்றுதான். கடல் வேண்டுமானால் அம்மா போக வேண்டும். அம்மா வேண்டுமானால் கடல் இல்லை. ஆசைப்படுவதே பாவம் என்று ஆகிப்போன ஆசை. அம்மாவுக்கு இரண்டு இருமல் வந்ததாகச் சேதி கிடைத்தால் போதும், வேலையை அப்படியே பக்கிரியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார். டாக்டரைக் கூட்டிவந்து காட்டி, கஞ்சி வைத்துக் கொடுத்து, அம்மா எழுந்து உட்கார்ந்த பிறகுதான் திரும்புவார். "எங்கம்மா நூறு வயசு இருக்கணும் சார்" என்பார். மனசாரச் சொல்வதுதான். சொன்ன பிறகு கிழக்குப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன சித்திரையில், சிதம்பரத்துக்கு மேற்கே ஸ்ரீமுஷ்ணம் சாலையில் என் மச்சான் வைத்திலிங்கத்தின் வயலில் போர் இறங்கியது. மச்சானை இவரிடம் அனுப்பியதே நான்தான். ஆழம் போகப் போக, சேற்றோடு வெள்ளை வெள்ளையாக ஏதோ வந்தது. கிளிஞ்சல் துண்டுகள். கடலிலிருந்து அத்தனை மைல் தள்ளி! பூவராகன் அவற்றைக் கழுவி, துண்டில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார். "இங்கியும் இருந்திருக்குது சார்" என்றார். அன்றைக்குக் கதை சொல்லவில்லை.

மறுநாள் எஞ்சினைப் போட்டார்கள். கலங்கலாக வந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தெளிந்து பாய ஆரம்பித்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். இரண்டு கையாலும் ஏந்தி ஒரு வாய் குடித்தார். அடுத்த கணம் துப்பினார். "உப்பு மேஸ்திரி! ஒரே உப்பு!" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு போகமாவது கூடுதலாக எடுக்கலாம் என்று வருஷக்கணக்காகக் கனவு கண்ட மனிதர். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

பூவராகன் பக்கத்தில் வந்து, "நெசமாவே கரிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"என்ன கேள்வி இது? கடல் தண்ணி மேஸ்திரி, கடல் தண்ணியேதான்!" என்று எரிந்து விழுந்தார் மச்சான்.

வாய்க்கால் வழிந்து, தண்ணீர் தரையில் பரவிக்கொண்டு பூவராகன் நின்ற இடத்தை நோக்கி வந்தது. கால் விரல் நுனியைத் தொடப் போன சமயத்தில், பாம்பைக் கண்டவர்போல் துள்ளி, அடுக்கி வைத்திருந்த குழாய்களின்மேல் ஏறிக்கொண்டார். கைலியைச் சுருட்டிப் பிடித்து, இரண்டு காலையும் மடக்கி உட்கார்ந்தார்.

"என்ன மேஸ்திரி, இது போர்த் தண்ணிதானே? இதுக்குமா சத்தியம்?" என்றேன்.

"கடலுக்கு வயசு பாத்தா சத்தியம் பண்ணோம்? பழசுன்னாலும் அதுதானே சார் இது? அம்மா நல்லா இருக்குது. நல்லா இருக்கட்டும்."

பக்கிரி எஞ்சினை நிறுத்தப் போனார். "நிறுத்தாத பக்கிரி, செத்த நேரம் ஓடட்டும்" என்றார் பூவராகன். சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தார். உப்புத் தண்ணீர் வயலைக் கெடுக்கும் என்று தெரிந்தும், என்ன புரிந்ததோ, மச்சான் சரி என்று தலையை ஆட்டினார்.

மடக்கிய கால்கள் மடக்கியபடியே இருக்க, பூவராகன் ஒரு பக்கமாகக் குனிந்து, ஓடுகிற தண்ணீரில் வலது கையை மணிக்கட்டு வரை விட்டார். விரல்களை விரித்தார். எஞ்சின் நின்று, தண்ணீர் முழுக்க மண்ணில் இறங்கிப்போன பிறகும், அந்தக் கை ஈரத்தரையைத் தடவிக்கொண்டே இருந்தது.