கலைவாணி அக்கா கொடுத்த கன்ட்ரோல் ரத்தம்

கலைவாணி அக்கா போய்விட்டார். இன்று காலை. ரத்தப் புற்றுநோய்.

வேலப்பன்சாவடி லேபில் எனக்கு சீனியர். ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்து, அவற்றில் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நோயாளி ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும்... அதற்குப் பெயர் கன்ட்ரோல்.

அந்த ஒருவர் எப்போதும் அக்காதான். பாடியிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் கையை நீட்டுவார். "எட்துக்கோடி. ஊட்ல நல்லா துன்னுட்டுதான் வந்துகீறேன்."

எனக்கு நரம்பு கிடைக்காவிட்டால் திட்டு விழும். "இன்னாடி நீ... கொசு உன்னவிட நல்லா குத்துது."

போன வருஷம் ஒருநாள், அக்காவின் சாம்பிளில் ஒரு புரதம் தாறுமாறாக ஏறியிருந்தது.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கன்ட்ரோல் தப்பாக வந்தால் நாங்கள் ஆளைப் பார்ப்பதில்லை. புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிதான் கெட்டிருக்கும் என்று அக்காவே முடிவு செய்தார். மறுபடி ஓட்டினோம்... மறுபடியும் அதே. பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னார். "எனக்கு இப்பல்லாம் அசதியா கீதுடி. இனிமே உன் ரத்தத்த வெச்சே ஓட்டு."

என் சாம்பிள் ஒழுங்காக வந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

சில மாதம் கழித்து, அக்காவுக்குப் பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி...

வார்டுக்குப் பார்க்கப் போனேன். தலையில் முடி இல்லை. என்னைப் பார்த்ததும் அக்கா சொன்னது இதுதான்: "அந்த ஆன்டிபாடி நல்லாத்தான்டி இருந்துகீது. நான்தான் அநியாயமா தூக்கிப் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

கண் முன்னால் இருந்தது. அத்தனை பேரும் பார்த்தோம். அதைத் தேடுவதுதான் எங்கள் பிழைப்பே... என்ன படிப்பு இது.

இன்று மதியம் லேபுக்குப் போனேன். நைட்ரஜன் டேங்கில் அக்காவின் செல்கள் இன்னும் உறைந்து கிடக்கின்றன. அந்தப் புரதம் ஏறியிருந்த அன்றைக்கு எடுத்தவை. எடுத்து உருக்கினால் இப்போதும் உயிரோடு இருக்கும். அக்காவைத் தின்ற செல்களும் அதற்குள்தான்.

குப்பியின் மூடிமேல் அக்கா கையெழுத்தில் "நார்மல்".

தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் கையில் எடுத்தேன். முடியவில்லை அக்கா. உயிரோடு உங்களுடையது வேறு எதுவும் எங்களிடம் இல்லை.

திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.

போய் வாங்க அக்கா...