லெட்சுமியிடம் அனுமதி கேட்ட நிசாம் நானா

கிளினிக்கில் ஒரு குழந்தையைத் தராசில் கிடத்தி நிறை பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. லெட்சுமி. எப்போது எடுத்தாலும் "சாப்பிட்டீங்களா மிஸ்ஸி" என்றுதான் தொடங்குவாள். அன்று அப்படிக் கேட்கவில்லை.

"மிஸ்ஸி, நம்ம நிசாம் நானா மௌத்தாயிட்டாராம். காலையில தொழுதுட்டு வந்து கதிரையில உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம். இன்னைக்கு அசர் தொழுகைக்கே எடுக்கிறாங்களாம்."

குழந்தையின் தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கடந்த கார்த்திகைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பலருக்கும் அழுகை உடனே வருவதில்லை. முதலில் ஒரு களைப்புத்தான் வருகிறது. உட்கார இடம் தேடுகிறோம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தாருக்கு அவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாத்தளைக்குப் பக்கத்தில் உள்ள உக்குவளைக்காரர். முஸ்லிம் ஆட்களிடம் நானா என்றால் அண்ணன். பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுபவர். வீதி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை. நாடெங்கும் ஆறுகள் பெருகி, மலைகள் சரிந்து, ஊர் ஊராக ஆட்கள் மாண்டுபோன அந்தக் கார்த்திகை மழையில் எங்கள் தோட்டத்தின் மேல் லயமும், தொழிலாளர் குடியிருந்த அந்த வீட்டு வரிசையே, மண்ணுக்குள் போனது. நான் இந்தப் பகுதியின் குடும்பநல மாது, அதாவது அரசாங்க மருத்துவிச்சி. அந்த லயத்தில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் பிறந்த அன்று நிறை பார்த்தவள். யார் உள்ளே இருந்தார்கள், யார் வெளியே போயிருந்தார்கள் என்று சொல்லக்கூடிய ஆள் நான்தான் என்று அங்கேயே நிற்க வைத்துவிட்டார்கள். அப்படித்தான் அவரைப் பழக்கம்.

முதல் நாள் மாத்தளையிலிருந்து மேலே வரப் பாதை இல்லை. விழுந்த மரங்களையும் மண்ணையும் ஒதுக்கிக்கொண்டு கீழேயிருந்து ஒரு மஞ்சள் இயந்திரம் ஏறி வந்தது. அதை ஓட்டி வந்த நிசாம் நானாவின் வீட்டுக்குள்ளும் அன்று இடுப்பளவு வெள்ளம். மனைவியை உறவினர் வீட்டு மாடியில் ஏற்றிவிட்டு வந்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். இறங்கியவர் சரிவை ஒரு தரம் பார்த்தார். இளைஞர்கள் மண்வெட்டியும் கையுமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் எல்லாரும் சத்தம் போடாம இரிங்க. நான் மெசினையும் நிப்பாட்டுறன். உள்ளுக்கு இரிக்கிற ஆக்கள் கூப்பிட்டா நமக்குக் கேக்கணும்."

கொஞ்சம் தோண்டுவார். நிறுத்துவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்போம். மழைச் சத்தம் மட்டும் கேட்கும். மறுபடி இயந்திரம் உறுமும். அந்த மௌனங்களில் ஒன்றிலாவது ஒரு குரல் வந்துவிடும் என்று மாலை வரை நம்பினோம். வரவில்லை. அடுத்த நாளும் அவர் அப்படியே நிறுத்தி நிறுத்தித்தான் தோண்டினார். இனி யாரும் கூப்பிடப்போவதில்லை என்று எங்களுக்கெல்லாம் தெரிந்த பிறகும்.

துணியின் நுனி தெரிந்தால் போதும், இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்துவிட்டு இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு கைதான். இராணுவப் பொடியன்களுக்கும் சிங்களத்தில் அதையே சொல்லிக்கொடுத்தார். ஒரு தாயை எடுத்தபோது, சேலை விலகியிருந்தது. எங்களையெல்லாம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். "மிஸ்ஸி, நீங்க வந்து சரிபண்ணுங்க. நாங்க பாக்கக் கூடாது." மழையில் நனைந்துகொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

லெட்சுமி அன்று தப்பியது மெழுகுவர்த்தியால். கரண்ட் இல்லையென்று அதை வாங்கக் கடைக்கு இறங்கியிருந்தாள். வீட்டில் கணவர் முருகேசுவும் மகள் சுமதியும். சுமதி ஆறாம் வகுப்பு. முருகேசுவின் உடல் கிடைத்தது. சுமதி கிடைக்கவில்லை.

பாடசாலையில் முகாம். வகுப்பறைகளில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். தோட்டத்து மாரியம்மன் கோவிலின் பாதி மண்ணோடு போயிருந்தது. மீதியில் அம்மன் அப்படியே இருந்தாள். அதை அற்புதம் என்று யாரோ படம் எடுத்து அனுப்பினார்கள். லெட்சுமிக்கு அதைக் காட்டியபோது அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அவ நல்லா இருக்கா. அவளுக்கு வெளக்குப் போட்ட புள்ளதான் இல்ல."

அதன் பிறகு முகாமில் விளக்கு வைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நானும் வைக்கவில்லை. வெறுப்பு என்று சொல்ல முடியாது. கையைக் கூப்பினால் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

நிசாம் நானா மட்டும் நேரம் வந்தால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலத் தறப்பாளை விரித்துத் தொழுவார். உடுப்பெல்லாம் சேறு. கையையும் காலையும் முகத்தையும் ஓடைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் தேநீர் கொடுக்கும்போது கேட்டுவிட்டேன். "இவ்வளவையும் பாத்துட்டு உங்களால எப்படி நானா தொழ முடியுது?"

அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

"எனக்குக் கோவம் இல்லயெண்டா நெனைக்கிறீங்க? சரியான கோவம் மிஸ்ஸி. அந்தக் கோவத்தோடதான் போய் நிக்கிறன். வேற யாருக்கிட்டக் கொண்டுபோய்க் காட்டுற?"

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர். விதி என்றார்கள், சோதனை என்றார்கள், போன பிறவி என்றார்கள். எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது இந்த ஒரு பேச்சுத்தான்.

பிறகு தேடுதலை நிறுத்தினார்கள். தேடுதலை நடத்திய இராணுவ அதிகாரி நல்ல மனிதர். மேலே வெடிப்பு இருக்கிறது, மறுபடி சரியலாம், பையன்களை வைத்திருக்க முடியாது என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். யாரும் சண்டை பிடிக்கவில்லை. மழை விட்டு, சரிவின் அடிப்பகுதியில் வேலை செய்யலாம் என்று வந்து பார்த்தவர்கள் சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மஞ்சள் இயந்திரம் தனியாக ஏறி வந்தது. முதலாளியிடம் கேட்டு எடுத்து வந்திருந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும். லெட்சுமி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வரும்போது உக்குவளையிலிருந்து பாண் கொண்டு வருவார். அவள் சாப்பிட்டால்தான் இயந்திரத்தில் ஏறுவார்.

இடையிடையே நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். பிரஷர் பார்த்தேன். கூட இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "போவம் மிஸ்ஸி, போவம்," என்றார். போனார், மருந்தும் எடுத்தார் என்று அவர் மனைவி பின்னர் சொன்னார். ஓய்வைத்தான் எடுக்கவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு. வெயில் நன்றாக இருந்தது. அடிப்பகுதி முழுவதையும் தோண்டிப் பார்த்தாயிற்று. மீதி, பாறைக்கு அடியில், எவராலும் போக முடியாத இடம். நிசாம் நானா இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கி வந்து லெட்சுமியின் கதிரைக்கு முன்னால் தரையிலேயே குந்தினார்.

"தங்கச்சி, நான் ஒண்டு கேக்கணும். நீங்க தேடச் சொன்னா அடுத்த கிழமையும் வாறன். அதுக்கு அடுத்த கிழமையும் வாறன். ஆனா இனி எங்க தோண்டுறதெண்டு எனக்கு வெளங்கல்ல. நான் நிப்பாட்டவா?"

இந்த நாட்டில் எங்களிடம் இதுவரை எதையாவது நிறுத்தும் முன் யார் கேட்டிருக்கிறார்கள்? அறிவிப்பார்கள். லெட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் எழுந்து, தன் கதிரையை அவரிடம் தள்ளினாள்.

"மண்ணுல உக்காராதீங்க நானா. போதும். நீங்க தேடினது போதும். அவ இங்கேயே இருக்கட்டும்."

அவர் அழுதார். நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அவள்தான் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு, லெட்சுமி கேட்டபடி, அந்த இடத்தைச் சமப்படுத்திக் கொடுத்தார். தோட்டத்துப் பூசாரி வந்தார். உடல் இல்லாமல் செய்ய வேண்டியதைச் செய்தோம். சூடம் கொளுத்தியவள் லெட்சுமியே. கார்த்திகைக்குப் பிறகு அவள் கையால் ஏற்றிய முதல் நெருப்பு அது. நிசாம் நானா தள்ளி நின்று கைகளை ஏந்தித் தன் முறையில் இறைவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். முடியும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வீடுகளுக்கு இடம் கிடைக்க அலைந்த அலைச்சல் தனிக் கதை. மேகம் கறுத்தால் இன்றும் பிள்ளைகள் பாடசாலைப் பக்கம் ஓடுகிறார்கள். ஆனால் கீழே பாதையோரம் காணி கிடைத்து, அத்திவாரம் வெட்ட ஒப்பந்தக்காரர் இயந்திரம் அனுப்பியபோது, ஓட்டி வந்தவர் நிசாம் நானாவாகவே இருந்தார். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம்.

"தங்கச்சி, குசினி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கம்."

"பிளான்ல இந்தப் பக்கம் போட்டிரிக்கி."

"பிளான் போட்டவரா சமைக்கப் போறாரு? காத்து அந்தப் பக்கமிருந்துதான் வருது. பொகை பூரா வீட்டுக்குள்ள வரும்."

இருவரும் உரக்க வாக்குவாதப்பட்டார்கள். முகாமில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டியவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு அடுப்புக்காகச் சண்டை பிடித்தாள். பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் வந்து சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் மேற்பார்வையாளர் வந்து மாற்றிக் கோடு போட வேண்டியதாயிற்று. நிசாம் நானா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு அன்று இரவு நல்ல உறக்கம்.

அந்த வீடுகளுக்கு இன்னும் கூரை வரவில்லை. அவர் பார்க்கமாட்டார்.

தொலைபேசி வந்த அன்று பிற்பகல் தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறைய உக்குவளைக்குப் போனோம். ஆண்கள் பள்ளிவாசல் வரை போனார்கள். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது எங்கள் பையன்கள் தயங்கித் தயங்கி, "நாங்களும் தோள் குடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர் விலகி, தன் இடத்தைக் கொடுத்தாராம்.

பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். வெள்ளம் ஏறிய கோடு சுவரில் இன்னும் இருந்தது. அவருடைய மனைவி லெட்சுமியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"நீங்கதானா சுமதிட உம்மா?"

லெட்சுமி தலையசைத்தாள்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் பொறகு அவ பேரைச் செல்லித்தான் துஆ கேப்பாரு. எங்கட புள்ளைகள்ட பேருக்கு அடுத்ததா அவட பேரு. 'நான் எடுத்துக் குடுக்காத புள்ள, நீ பாத்துக்கோ'ண்டு செல்லுவாரு."

லெட்சுமி அந்த அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. பல மாதங்களாக வராத அழுகை. யாரும் எங்களை நிறுத்தச் சொல்லவில்லை.

நிசாம் நானாவின் புகைப்படம்கூட என்னிடம் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சின்னப் பெண்ணுக்கான பிரார்த்தனையை. வெள்ளிக்கிழமை மாலைகளில், பாதி இடிந்த எங்கள் கோவிலுக்கு மறுபடி போகத் தொடங்கியிருக்கிறேன். எனக்கென்று கேட்க இன்னும் ஒன்றும் வாய்க்கு வருவதில்லை. சுமதிக்காகக் கேட்கிறேன். பிறகு அவளைத் தேடியவருக்காகவும் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கிறேன்.